எந்தக் காலில் ஷூ?

இந்த நாட்டில் சாமியையும் சர்க்காரையும் தனித்தனியாகப் பிரித்து வைத்த ஆள் நான்தான். அதுவும் ஆறாவது படிக்கும்போதே.

சரி, முறைக்காதீர்கள். பொய்தான். நான் பிரித்தது ஒரு ஜோடி ஷூவை. வலதை இடதிடமிருந்து பிரித்தேன். அதைக்கூட வேண்டுமென்று செய்யவில்லை, தானாகக் கழன்றுகொண்டது. ஆனால் அப்படி அது கழன்றதில் டெல்லியில் ஒரு கவர்ன்மென்ட் இன்ஸ்பெக்டர் குழம்பிப்போனார், ஒரு தமிழ் டீச்சருக்கு வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொள்ள ஒரு வெற்றி கிடைத்தது, எனக்கு ஒரு தொழில் கிடைத்தது.

உங்களில் பாதிப் பேர் அன்றைக்கு அந்த ஷாமியானாவுக்குள் இருந்தீர்கள். மூக்கு ஒழுக, முன்னால் விரித்த தரியில், அதான் ஜமக்காளத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். இப்போது பென்ஷன், பேரன், சர்க்கரை மாத்திரை என்று பெரிய மனிதர்களாகிவிட்டீர்கள். கோயிலுக்கு வந்தால் கீழே என் கவுண்டரில் செருப்பைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு மேலே போகிறீர்கள். நானும் உங்களோடு படித்தவன்தான். படித்தவன் என்பதும் பொய். உட்கார்ந்திருந்தவன். ஆறாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்தேன். மூன்றாவது வருஷம் பெஞ்சுக்கே அலுத்துப்போய் என்னை இறக்கிவிட்டது. அதனால் சொற்பிழை, கணக்குப் பிழை ஏதாவது இருந்தால் பெஞ்சைக் கேளுங்கள்.

மேலே பூஜை முடிந்து கூட்டம் இறங்குவதற்கு நேரம் இருக்கிறது. கவுண்டரில் என் வீட்டுக்காரி இருக்கிறாள். டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

அந்த டிசம்பர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கிட்வாய் நகர் அப்போது இப்படி வானத்தைப் பார்த்து வளரவில்லை. மஞ்சள் சுவர், ஒற்றை மாடி, முன்னால் ஒரு துண்டு புல்தரை. காலையில் பனி இறங்கினால் எதிர்வீட்டு ஆள் இருக்கிறாரா, டிரான்ஸ்பரில் போய்விட்டாரா என்று தெரியாது. வெயில் வந்ததும் எல்லா அம்மாக்களும் கட்டிலை வெளியே இழுத்துப் போட்டு, வேர்க்கடலையை உரித்துக்கொண்டே ஸ்வெட்டர் பின்னுவார்கள். என் அம்மா பின்னியதில்லை. அவள் அந்த வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். நாங்கள் நாலாவுக்கு, அந்தப் பெரிய சாக்கடைக் கால்வாய்க்குப் பின்னால் தகரக் கூரைக்குக் கீழே இருந்தோம். எனக்கு ஒரு ரப்பர் செருப்பு இருந்தது. அதன் வார் அறுந்து அறுந்து, கடைசியில் வாரைவிட ஊக்குதான் அதிகம். டிசம்பர் மாதம் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால், செருப்பு போட்டிருக்கிறோம் என்று மனசுக்குத்தான் தெரியும், காலுக்குத் தெரியாது. குதிகால் வெடித்து, வெடிப்புக்குள் மண் புகுந்து, அந்த மண்ணும் ஜில்லென்று இருக்கும்.

நம் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரே ஒரு பதவி இருந்தது. காலை பிரேயரில் எல்லாரும் கைகூப்பிக் கண்ணை மூட வேண்டும் இல்லையா? யார் கண்ணைத் திறக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல டீச்சர் என்னை முன்னால் நிறுத்தியிருந்தார். அதனால் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே ஒரு நாள்கூடச் சாமி கும்பிடாதவன் நான் ஒருவன்தான். உங்கள் எல்லார் மூஞ்சியையும் கண் மூடிய நிலையில் பார்த்திருக்கிறேன். அவ்வளவு அழகாக யாரும் இல்லை.

அந்தப் பதவிக்கு ஆபத்து செக்ஷன் ஆபீசர் வடிவத்தில் வந்தது. அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஈரோட்டுப் பக்கத்து ஆள். மத்திய சர்க்காரில் வேலை. லீவு நாளில் கறுப்புச் சட்டைதான் போடுவார். பெற்றோர் கமிட்டியில் அவர் எழுந்து நின்றால் மற்றவர்கள் உட்கார்ந்தபடியே தலையில் கை வைத்துக்கொள்வார்கள். அவர் வீட்டில் என் அம்மாதான் பாத்திரம் தேய்த்தாள். சாமி இல்லை என்று சொல்லும் அந்த வீட்டில், அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒரு முருகன் படம் இருந்தது. அது அவர் மனைவியுடையது. அங்கே படம் இருப்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது மனைவிக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்று அம்மா சொல்வாள்.

அவர் சண்டைக்குக் கிளம்பியதற்கு ஒரு காரணம் இருந்தது. நம் கிளாஸ் லீடர் பெண்ணை நினைத்துப் பாருங்கள். இரட்டைப் பின்னல், அம்மா நர்ஸ், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள். அதற்கு முந்தின வருஷ ஆண்டு விழாவில், வருகிற விருந்தாளிக்கு ஆரத்தித் தட்டு பிடிக்க அவளைத்தான் நிறுத்தியிருந்தார்கள். பாவாடை எல்லாம் தைத்தாகிவிட்டது. விழா அன்றைக்குக் காலையில் டீச்சருக்குத் திடீரென்று ஞானம் வந்தது. ‘உனக்கு சங்கடமா இருக்கும்மா, வேற யாராவது பிடிக்கட்டும்’ என்று நல்ல மனசோடுதான் சொன்னார். தட்டு இன்னொருத்தி கைக்குப் போனது. லீடர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் அழுதாள். பீடி குடிக்க அங்கே ஒதுங்கிய செக்ஷன் ஆபீசர் அதைப் பார்த்துவிட்டார். பீடியை நசுக்கிவிட்டு நேராகப் போய் டிபார்ட்மென்டுக்கு எழுதினார்.

எழுதியது ஒரு வருஷம் கழித்துப் பலன் தந்தது. சர்க்கார் பணத்தில் நடக்கிற பள்ளிக்கூடம், அதன் விழாவில் ஒரு மதத்தின் சடங்கு கூடாது, இந்த வருஷம் இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்ப்பார் என்று பதில் வந்துவிட்டது.

ஹெட்மாஸ்டர் நடுங்கிப்போய் முதல் வேலையாக பிரேயரை நிறுத்தினார். அதற்குப் பதில் ஒரு நிமிஷம் மௌனம் என்றார். மௌனம் என்றால் நமக்குத் தெரிந்தது ஒன்றுதான், யாரோ பெரிய தலைவர் போய்விட்டார், லீவு. முதல் நாள் மௌனம் முடிந்ததும் பாதிப் பள்ளிக்கூடம் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடியது. பியூன் விரட்டி விரட்டிப் பிடித்தான். அடுத்த நாளும் மௌனம். ‘இன்னிக்கு யாருடா?’ என்று எல்லாரும் என்னைக் கேட்டீர்கள். முன்னால் நிற்கிறவனுக்குத் தெரியும் என்று நினைப்பு. நான் தினம் ஒருவரைச் சொன்னேன். அந்த வாரத்தில் நான் சாகடிக்காத மந்திரி இல்லை.

அப்புறம் ஆண்டு விழாவைப் பற்றிய கமிட்டி மீட்டிங். நான் ஸ்டாஃப் ரூம் வாசலில் முட்டிக்கால் போட்டிருந்ததால் முழுவதும் கேட்டேன். ஹெட்மாஸ்டர் அந்த மாதம் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, கறுப்பு ஸ்வெட்டர். எதிரில் கறுப்புச் சட்டையில் செக்ஷன் ஆபீசர். சாமி உண்டு என்பதற்காக ஒருவர் கறுப்பு, இல்லை என்பதற்காக ஒருவர் கறுப்பு. புதிதாக வந்த யாராவது பார்த்தால் ஒரே குரூப் என்றுதான் நினைப்பார்கள்.

ஆரத்தி வேண்டாம், பாட்டு வேண்டாம், தேங்காய் வேண்டாம் என்பதற்கெல்லாம் ஹெட்மாஸ்டர் தலையாட்டிவிட்டார். விளக்கில் வந்து நின்றது. அந்த ஆளுயரக் குத்துவிளக்கு, உச்சியில் அன்னத்துக்கு மூக்கு உடைந்திருக்குமே, அது. டீச்சர் மதுரைக்காரர். விட்டுக்கொடுக்கவில்லை.

“விளக்கில்லாம விழாவா சார்? எங்க ஊர்ல எழவு வீட்லகூட விளக்கு ஏத்துவாங்க.”

ஹெட்மாஸ்டர் சமாதானம் பண்ணினார். விளக்கு என்பது சாமி இல்லை, வெறும் வெளிச்சம், அறிவின் அடையாளம், எந்த மதத்துக்காரருக்கும் பொது என்று நீளமாகச் சொன்னார். செக்ஷன் ஆபீசர் பொறுமையாகக் கேட்டார்.

“வெளிச்சம்தானுங்களே? அப்ப ஏத்தறவரு ஷூ போட்டுட்டு ஏத்தட்டும். வீட்ல ட்யூப்லைட் போடறப்ப செருப்பக் கழட்டி வெச்சுட்டுத்தான் சுவிட்சத் தட்டறீங்களா?”

அப்புறம் ஹெட்மாஸ்டர் மெதுவாகச் சொன்னார்.

“எங்க வீட்ல செருப்ப வாசல்லயே கழட்டிருவோம் சார்.”

எனக்குச் சிரிப்பு வந்து முட்டி வழுக்கியது. ஆனால் செக்ஷன் ஆபீசர் பிடித்த பிடி சரியான பிடி. ஷூவைக் கழட்டினால் அது சாமி. கழட்டாவிட்டால் வெளிச்சம். இன்ஸ்பெக்டரும் அதைத்தான் பார்ப்பார். கமிட்டி ஒத்துக்கொண்டது. அதாவது, வேறு யாராவது ஏற்றுவதாக இருந்தால் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஹெட்மாஸ்டர் மாலை போட்டிருப்பதால் காலில் எதுவுமே போடக்கூடாது. டீச்சர் ‘என் பிணத்துமேல’ என்றார். பி.டி. மாஸ்டருக்கு அன்றைக்கு ஊரில் அக்கா மகள் சடங்கு வந்துவிட்டது, அவருக்கு அக்காவே கிடையாது. பியூன், அது தன் வேலையில் வராது என்றான். செக்ஷன் ஆபீசரே ஏற்றலாம்தான். நான் ஏற்றினால் இது என் சொந்தச் சண்டை ஆகிவிடும், பள்ளிக்கூடத்து ஆள் ஏற்ற வேண்டும் என்றுவிட்டார். எல்லார் கண்ணும் ரூமைச் சுற்றி வந்து, வாசலில் என் முட்டிக்காலில் நின்றது.

ஹெட்மாஸ்டர் கேட்டார், ஷூ போட்டுக்கொண்டு விளக்கு ஏற்றுவாயா என்று. ஏற்றுவேன் சார், ஷூ யார் கொடுப்பார்கள் என்றேன்.

செக்ஷன் ஆபீசருக்குப் புல்லரித்துவிட்டது. உழைக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இருக்கிற துணிச்சல் உங்களுக்கு இல்லையே என்றார். வளர்ப்பு சரியில்லை என்றார் டீச்சர். இரண்டும் தப்பு. எனக்குக் கால் குளிர்ந்தது, அவ்வளவுதான். பெரியவர்கள் என் காலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்கள்.

விளக்கை ஏற்றினால் ஷூ எனக்கே சொந்தம், ஏற்றாவிட்டால் திருப்பித் தர வேண்டும் என்று பேச்சு. சரோஜினி நகர் மார்க்கெட்டில் வாங்கினார்கள். கறுப்பு, லேஸ் வைத்தது. பெட்டிக்குள் மெல்லிசுக் காகிதம், அதைப் பிரித்தால் ஒரு வாசனை வரும், புதுத் தோலும் பசையும் கலந்து. அந்தப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன். மண் பட்டுவிடுமே என்று கட்டிலின் மேலேயே போட்டுக்கொண்டு நடந்தேன், கட்டில் கயிறு தொய்ந்தது. அம்மாவிடம், நான் நன்றாகப் படிப்பதால் கொடுத்தார்கள் என்று சொல்லிவைத்தேன். அவள் நம்பவில்லை. ஆனால் ஷூ கண்ணெதிரில் இருந்ததால் ஒன்றும் கேட்கவும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் லீடருக்குத்தான் என்மேல் கோபம். உன்னால்தான் எல்லாம் என்பதுபோல முறைத்தாள். என்ன என்று கேட்டேன்.

“போன வருஷம் எனக்குத் தட்டு இல்லன்னாங்க. இந்த வருஷம் யாருக்குமே தட்டு இல்லன்னுட்டாங்க. ரெண்டு வருஷமும் எனக்குத்தான் தட்டு இல்ல.”

யோசித்தால் சரிதான். அவளுக்காக டீச்சர் முடிவு பண்ணினார், அவளுக்காகவே செக்ஷன் ஆபீசரும் சண்டை போட்டார். உனக்கு என்ன வேண்டும் என்று அவளை யாரும் கேட்கவில்லை. நானும் அன்றைக்குத்தான் கேட்டேன், அதுவும் அடி விழுமோ என்ற பயத்தில். ஹெட்மாஸ்டரிடம் போய், விளக்கு ஏற்றுவதற்கு மெழுகுவத்தி பிடிக்க ஒரு ஆள் வேண்டும், எனக்குக் கை நடுங்கும் என்றேன். மெழுகுவத்தி எந்த மதம் என்று அவர் கொஞ்சம் யோசித்துப் பார்த்தார். முடிவு தெரியாமல் சரி என்றுவிட்டார். பழைய பாவாடையின் மடிப்பைப் பிரித்து நீளமாக்கிக்கொண்டு லீடர் தயாரானாள்.

விழா அன்றைக்குக் காலையில் குண்டு விழுந்தது. செக்ஷன் ஆபீசர் வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது அவர் மனைவி, ‘உன் பையன்தானா ஷூ போட்டுட்டு விளக்கேத்தப்போறது?’ என்று வருத்தமாகக் கேட்டிருக்கிறார். அம்மா கையில் சாம்பலோடு வீட்டுக்கு வந்தாள். அடிக்கவில்லை. ஷூவை எடுத்துத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

“ஷூ உன்னுதுதான்டா. நாளைக்குப் போட்டுக்க. இன்னிக்கு அது விளக்குப் பக்கம் போவாது.”

“ஏத்தலைன்னா திருப்பிக் கேப்பாங்கம்மா.”

“ஏத்து. யாரு வாணான்னா? காலக் கழுவினு ஏத்து.”

என் அம்மா மாதிரி ஒரு ஆள் அந்தக் கமிட்டியில் இருந்திருந்தால் மீட்டிங் சீக்கிரம் முடிந்திருக்கும். சாமிக் குற்றமும் ஆகக்கூடாது, ஷூவும் போகக்கூடாது. ஆனால் ஷூ போட்டு ஏற்றினால்தான் ஷூ என்பது பேச்சு. அதை அவளுக்கு விளக்க நேரமில்லை. சோப்புப் போட்டுக் காலைக் கழுவிவிட்டாள். ஈரக் காலோடு ஓடினேன்.

ஷாமியானா வாசலில் ஹெட்மாஸ்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நேராகக் காலைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். உள்ளே முன்வரிசை சோபாவில் இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஹரியானாக்காரர், நல்ல கனமான மனிதர், தலையில் கம்பளிக் குல்லா. வெறுங்காலோடு நான் விளக்கு ஏற்றினால் அது சாமியாகிவிடும். சாமியானால் ரிப்போர்ட் போகும். ரிப்போர்ட் போனால் சர்க்கார் கொடுக்கிற பணம் நிற்கும் என்று ஹெட்மாஸ்டர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். எனக்கு அதெல்லாம் புரியவில்லை. புரிந்தது, பெட்டிக்குள் இருக்கிற ஷூ போய்விடும் என்பது.

சுற்றிலும் ஷூ போட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். ஒரு ஜோடி கடன் கேட்டால் போயிற்று. ஆனால் அதற்குள் டீச்சர் ஒரு சட்டத்தைப் பரப்பிவிட்டிருந்தார். விளக்கு முன்னால் ஷூ போய் நின்றால், அந்தப் பாவம் போட்டவனுக்கு இல்லையாம், ஷூவின் சொந்தக்காரருக்காம். ஏனென்றால் போட்டவன் அறியாப் பிள்ளை. எங்கே படித்தாரோ. ஆனால் அது காட்டுத்தீ மாதிரிப் பரவியது. ஹெட்மாஸ்டர் எந்தப் பையனைப் பார்த்தாலும் அவன் அம்மா ஓடிவந்து அவன் காலை முந்தானையால் மூடினாள். நீங்கள் எல்லாரும் காலைப் பின்னால் மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். சொல்லிக்காட்டவில்லை, பார்த்தேன் என்று சொல்கிறேன்.

செக்ஷன் ஆபீசர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். குனிந்து தன் ஷூவைக் கழட்டி என் முன்னால் வைத்தார்.

“எம்பட பேர்ல எவ்வளவு பாவம் வேணாலும் எழுதிக்கட்டும். போடு கண்ணு.”

பிரவுன் கலர். ஷூ என்று சொல்லக்கூடாது, இரண்டு படகு. உள்ளே அவர் காலின் சூடு இன்னும் இருந்தது. அவ்வளவு குளிரில் அந்தச் சூட்டுக்குள் காலை விட்டபோது எனக்கு அழுகையே வந்தது. முன்னால் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்துவிட்டு, லேசை என் கணுக்காலைச் சுற்றிக் கட்டினார். இறுக்கமாகத்தான் கட்டினார். ஒன்றை இறுக்கமாக, ஒன்றை அவசரமாக. அதற்குள் மைக்கில் என் பெயரைச் சொல்லிவிட்டார்கள்.

நடந்தேன். டக், டக், டக் என்று சத்தம். மேடை என்பது பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மேலே தரி விரித்தது. அதில் ஏற ஒரு செங்கல் படி. பின்வரிசையில், வேலை செய்கிற வீட்டு அம்மாக்களுக்குப் பின்னால் என் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அவள் கண் என் காலில் இருந்தது. அந்தப் படகுகளை அவளுக்குத் தெரியும், தினம் அவற்றைத் தாண்டித்தானே அந்த வீட்டுக்குள் போகிறாள். அவளைப் பார்த்துக்கொண்டே படியில் ஏறினேனா, இடது கால் ஏறியது, வலது காலும் ஏறியது, வலது ஷூ ஏறவில்லை. படியிலேயே நின்றுவிட்டது. நான் மேடையில், ஒரு கால் ஷூவோடு, ஒரு கால் வெறுங்காலோடு.

திரும்பி எடுக்கலாமா என்று குனிந்தேன். லீடர் மெழுகுவத்தியோடு விளக்குப் பக்கத்தில் நின்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

“விட்டுட்டு வாடா. மெழுகு கையில ஊத்துது.”

போய் ஏற்றினேன். அஞ்சு திரியும் பிடித்துக்கொண்டது. அவள் கை நடுங்கவேயில்லை. விளக்கு வெளிச்சத்தில் அவள் முகத்தில் போட்டோவுக்கான சிரிப்பு இருந்தது, ஒரு வருஷமாக எடுத்து வைத்திருந்த சிரிப்பு.

பாதி சாமி, பாதி வெளிச்சம். யார் கை தட்டுவது, யார் கும்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு என் காலைப் பார்த்தார், படியில் நிற்கிற ஷூவைப் பார்த்தார், ஹெட்மாஸ்டர் பக்கம் சாய்ந்தார்.

“அச்சா, யே ஆப் லோகோங் கா ரிவாஜ் ஹை?”

இது உங்கள் ஊர் வழக்கமா என்று கேட்கிறார். ஹெட்மாஸ்டருக்கு அந்த நிமிஷத்தில் ஐயப்பன் கைகொடுத்திருக்க வேண்டும்.

“ஹாங் ஜி. போத் புரானா.”

ரொம்பப் பழையதாம். இன்ஸ்பெக்டர் மரியாதை தெரிந்த மனிதர். இரண்டு வார்த்தை பேச மேடைக்குக் கூப்பிட்டார்கள். படி வரைக்கும் வந்தார். கனமான உடம்பை வளைத்துக் குனிந்து தன் வலது ஷூவை மட்டும் கழட்டி, என் ஷூவுக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு, ஒரு கால் சாக்ஸோடு மேலே ஏறினார். அவ்வளவுதான். இன்ஸ்பெக்டரே கழட்டிய பிறகு கமிட்டித் தலைவர் எப்படிச் சும்மா ஏறுவார்? அவரும் ஒன்றைக் கழட்டினார். செக்ரட்டரி ஒன்று. பரிசு கொடுக்க வந்த பாங்க் மேனேஜர் ஒன்று. பரிசு வாங்கப் போன பிள்ளைகள் எல்லாரும் ஒவ்வொன்று. விழா முடியும்போது படிக்குக் கீழே ஒற்றை ஷூக்கள் வரிசையாகக் கிடந்தன, எல்லாம் வலது. உள்ளே எல்லாரும் நொண்டிக்கொண்டிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் சந்தோஷமாகப் பேசினார். இந்த மாதிரி இரண்டு பக்கமும் பார்த்து நடக்கிற விழாவை வேறெங்கும் பார்த்ததில்லை என்றார். பாதியை நான் புரிந்துகொண்டேன், மீதியை ஹெட்மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

ஆனால் ஒரு விஷயத்தை டீச்சர் மட்டும் கவனித்தார். அத்தனை பேரும் ஒற்றைக் காலில் ஷூவோடு இருக்க, விளக்குக்கு நேர் எதிரில் இரண்டு காலிலும் ஷூ இல்லாமல் நின்றவர், மாலை போட்ட ஹெட்மாஸ்டரை விட்டால், செக்ஷன் ஆபீசர் ஒருவர்தான். சாக்ஸில் ஓட்டை, கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. குளிர் தாங்காமல் கையைச் சேர்த்து வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் அதைக் கும்பிடு என்றார். ரிட்டையர் ஆகும்வரை சொன்னார். ‘குளிருல கையத் தேச்சனுங்க’ என்று இவரும் இன்றுவரை சொல்கிறார். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

எல்லாரும் கிளம்பும்போது ஷூக் குவியலில் ஒரே கலவரம். யாருடையது எது என்று ஜோடி சேர்த்துக் கொடுத்தது நான்தான். காலைப் பார்த்தாலே ஷூ எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு ஆரம்பித்ததுதான், இன்னும் அதையே செய்துகொண்டிருக்கிறேன். உங்களில் டாக்டர் இருக்கிறார், இன்ஜினியர் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் கற்றதை வைத்தே பிழைக்கிறவன் நான் ஒருவன்தான்.

வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா நாலா வரைக்கும் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். நான் ஷூ போய்விட்டது என்றே நினைத்தேன். பலகைப் பாலத்தில் ஏறும்போது கேட்டாள்.

“எந்தக் கால்ல ஷூ இருந்துது?”

“எடது கால்லம்மா.”

“சோத்துக் காலு?”

“வெறுங்காலு.”

பாலத்தைத் தாண்டினோம். அவள் மனசுக்குள் ஏதோ கணக்கு ஓடியது. நல்ல காரியத்துக்கு எடுத்து வைக்கிற கால் வலது, அது கழுவின காலாக இருந்திருக்கிறது. இடது காலைப் பற்றி யாருக்கு என்ன கவலை. கதவைத் திறந்ததும் முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்தாள். ஷூவை எடுத்து முந்தானையால் துடைத்து, என் முன்னால் வைத்தாள்.

மறுநாள் போட்டுக்கொண்டு போனேன். பனிக்குள் என் கால் மட்டும் கதகதவென்று போனது, நான் அதன் பின்னால் போனேன். கேட்டில் ஹெட்மாஸ்டர். விழாவில் போடாத ஷூ அது. திருப்பிக் கேட்க அவருக்கு நியாயம் உண்டு. குனிந்து வெகுநேரம் பார்த்தார். நாளைக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு வா என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போய்விட்டார்.

செக்ஷன் ஆபீசர் இன்னும் இருக்கிறார், தெரியுமா? கிருத்திகை தவறாமல் மனைவியை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வருவார். அந்த அம்மா மேலே போவார். இவர் ஷூவைக் கழட்ட மாட்டார், என் கவுண்டருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். இத்தனை வருஷத்தில் ஒரு டோக்கன் வாங்கியதில்லை. போன மாதம் அந்த அம்மாவுக்கு முட்டி வலி, தனியாகப் படி ஏற முடியவில்லை. கைபிடித்துக் கூட்டிப்போக ஆள் வேண்டும். நான் வரவா என்று கேட்டேன். வேண்டாம் என்று ஸ்டூலிலிருந்து எழுந்தவர், தன் ஷூவைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார், அப்புறம் மெதுவாகக் குனிந்து— இருங்கள், கவுண்டரிலிருந்து என் வீட்டுக்காரி கூப்பிடுகிறாள்.

“ஏங்க, இங்க வாங்க கொஞ்சம். உங்க செக்ஷன் ஆபீசர் வந்திருக்காரு. அம்மாவ ஒரு கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. ஒத்த ஷூவக் கழட்டி கவுண்டர்ல வெச்சுட்டாரு, இன்னொண்ணக் கழட்ட மாட்டேங்கிறாரு. பாதி டோக்கன் குடுன்னு கேக்குறாரு. நான் என்னத்தக் குடுக்கறது?”

இரு, வர்றேன். இந்த டீயைப் பிடியுங்கள்.

“எந்தக் காலுன்னு கேளு!”